பச்சிலைக்கு ஒரு பரீட்சை

கதிர் அறுக்கும்போது அரிவாள் பட்டு விரலை வெட்டிக்கொண்டவன், வரப்போரத்தில் படர்ந்திருக்கும் வெட்டுக்காயப் பூண்டைப் பறித்துக் கசக்கி, அதன் சாற்றைக் காயத்தில் பிழிந்து துணியால் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடருகிறான். சில தினங்களில் காயம் ஆறியும் விடுகிறது. ஊரார் பூண்டின் மகிமையைப் பேசுவது இயற்கையே. ஆனால் அதை ஆராயப் புகும் விஞ்ஞானி முதலில் எழுப்பும் கேள்வி நம்மைச் சற்றே திகைக்க வைக்கும்: சாற்றைப் பிழியாமல் விட்டிருந்தால் மட்டும் அந்தக் காயம் ஆறாமலா போயிருக்கும்?

புண்ணை ஆற்றும் காரியத்தைத் தேகம் யாருடைய ஏவலையும் எதிர்பாராமல் தானே தொடங்கிவிடுகிறது. முதலில் இரத்தம் உறைகிறது. பின்னர் அவ்விடம் சிவந்து வீங்க, வெள்ளணுக்கள் திரண்டு வந்து அழுக்கையும் கிருமிகளையும் அகற்றுகின்றன. அதன்பின் குழியின் அடியிலிருந்து புதுச்சதை வளர்ந்து, ஓரங்கள் உள்நோக்கிச் சுருங்கி, மேலே மெல்லிய தோல் படருகிறது. கடைசியாக, மாதக்கணக்கில், தழும்பு இறுகி வலுப்பெறுகிறது. ஆகையால் ஒரு மூலிகை புண்ணை ஆற்றும் என்று பொதுப்படச் சொன்னால் விஞ்ஞானி திருப்தியடைவதில்லை. இத்தனை காரியங்களுள் எதை, எதனோடு ஒப்பிட்டால், எவ்வளவு துரிதப்படுத்துகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

இதற்காக ஆய்வுக்கூடங்களில் மூன்று விதமான புண்களை, விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, மயக்க மருந்து கொடுத்த வெள்ளெலிகளுக்கு உண்டாக்குகிறார்கள். முதுகில் சுமார் 500 சதுர மில்லிமீட்டர் அளவுக்குத் தோலை எடுத்துவிட்டு, சில நாட்களுக்கொருமுறை புண்ணின் விளிம்பைக் கண்ணாடித்தாளில் வரைந்து, கட்டத்தாளின் மேல் வைத்துக் கட்டங்களை எண்ணுவது ஒன்று. புண் எவ்வளவு சுருங்கிற்று, பொருக்கு எந்த நாளில் உதிர்ந்தது என்பவை இதனால் விளங்கும். நீளமாகக் கீறித் தைத்துவிட்டு, பத்தாம் நாள் அத்தழும்பின் வலுவைச் சோதிப்பது மற்றொன்று. இதற்குக் கையாண்டுவந்த உபாயங்களில் ஒன்று மிகவும் ரசமானது: தழும்பின் ஒரு பக்கத்தை அசையாமல் நிறுத்தி, மறுபக்கத்தில் கட்டிய நூலைக் கப்பியின் மேல் போட்டு, அதன் நுனியில் தொங்கும் பாத்திரத்தில் ஒரே சீராகத் தண்ணீர் விழச் செய்வார்கள், தழும்பு வாய் திறக்கும் கணத்தில் தண்ணீரை நிறுத்தி, அதுவரை விழுந்ததை எடை போட்டால், அந்த எடையே தழும்பின் பலத்துக்கு அளவு. மூன்றாவது முறையில், தோலுக்கடியில் பஞ்சுருண்டையையோ சிறு குழாயையோ புதைத்து, அதைச் சுற்றி வளரும் புதுச்சதையை எடுத்து உலர்த்தி, அமிலத்தில் சிதைத்து, அதில் ஹைட்ராக்சிபுரோலின் எவ்வளவு இருக்கிறதென்று கணிக்கிறார்கள். எந்த முறையானாலும், மருந்தே இடாத எலிகளும், மருந்தில்லாத வெறுங்களிம்பு பூசிய எலிகளும், பெயர்பெற்ற மருந்தைப் பூசிய எலிகளும் மூலிகை பூசியவற்றுக்குப் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும்.

ஹைட்ராக்சிபுரோலினைத் தேடிப் போவதற்குக் காரணம் உண்டு. தேகத்தில் அது பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரதத்தில்தான் காணப்படுகிறது. தோலுக்கும் தழும்புக்கும் உறுதியைத் தருகிற நார் அந்தக் கொலாஜனே. வைட்டமின் சி இல்லாவிட்டால் ஹைட்ராக்சிபுரோலின் சரிவர உண்டாவதில்லை. ஸ்கர்வி நோய் கண்ட பழங்காலக் கடலோடிகளுக்கு, என்றோ ஆறிப்போன தழும்புகள்கூட மறுபடி பிளந்துகொண்டதற்கு இதுவே காரணம்.

கொலாஜனைப் பற்றிப் பேசுகிறவர்கள் சென்னையைச் சொல்லாமல் போவதற்கில்லை. 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், அது மூன்று இழைகளாலான அமைப்பு என்று உலகுக்கு அறிவித்தார்கள். அதே வட்டாரத்தில், அடையாற்றில், 1948-இல் தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தோல் பதனிடுவோருக்கும் புண்ணாற்றும் பச்சிலைக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் வியக்கலாம். பதனிடுதல் என்பதே கொலாஜன் நார்களைக் கெட்டுப்போகாதவாறு பிணைப்பதுதானாகையால், அந்நாரின் குணாதிசயங்களை அறிந்தவர்கள் புண்ணை ஆராயப் புகுந்ததில் ஆச்சரியமில்லை. 1996-இல் அந்நிலையத்தார் வல்லாரையைச் சாராயத்தில் வடித்தெடுத்த சத்தை எலிகளுக்கு உள்ளுக்கும் கொடுத்து, மேலுக்கும் பூசிப் பார்த்தபோது, புதுச்சதையில் கொலாஜன் மிகுந்ததோடு நார்களிடையே பிணைப்பும் விரைவில் முதிர்ந்து, தழும்பின் இழுவலிமை அதிகரித்தது. 1999-இல் லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தார், வல்லாரையிலுள்ள ஏசியாட்டிகோசைடு என்ற பொருளை மாத்திரம் 0.2 சதவீதக் கரைசலாக்கிச் சீமைப்பெருச்சாளிகளின் புண்ணில் இட்டு, ஹைட்ராக்சிபுரோலின் 56 சதவீதமும் இழுவலிமை 57 சதவீதமும் கூடக் கண்டார்கள்.

வெட்டுக்காயப் பூண்டுக்கும் பரீட்சை நடந்திருக்கிறது. புண் ஆறுவதைத் தடுக்கும் குணமுள்ள டெக்சாமெதசோன் என்ற மருந்தைக் கொடுத்து, அதை எதிர்க்கப் பூண்டின் சாற்றுக்குச் சக்தி உண்டா என்று 1983-இல் நம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் பார்த்தார்கள். மேல்தோல் படர்வதிலும் தழும்பின் வலுவிலும் நேர்ந்த கெடுதியைச் சாறு மாற்றியது. புண் சுருங்குவதிலும் புதுச்சதை வளர்வதிலும் நேர்ந்த கெடுதியை அது மாற்றவில்லை. இரண்டிலே ஜயம், இரண்டிலே தோல்வி. பத்திரிகைகள் விரும்பிப் பிரசுரிக்கும் அற்புதச் செய்தியைக் காட்டிலும் இந்தப் பாதி வெற்றியே எனக்கு அதிக நம்பிக்கையை அளிக்கிறது. அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து இங்கே குடிபுகுந்த இச்செடியின் குணத்தை நம் உழவர்கள் சுயானுபவத்தாலேயே கண்டுகொண்டார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது.

மஞ்சளின் கதை எல்லோரும் அறிந்தது. புண்ணாற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கென்று மிஸிஸிப்பி பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையத்தாருக்கு 1995-இல் வழங்கப்பட்ட அமெரிக்கக் காப்புரிமையை, நம் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் குழு ஆட்சேபித்து, 1997-இல் ரத்தாகும்படி செய்தது. அந்த விவகாரத்தில் நிச்சயிக்கப்பட்டது, அந்த உபயோகம் புதிதல்ல என்பதே. மஞ்சள் புண்ணை எவ்வளவு தூரம் ஆற்றும் என்பதல்ல. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவோர் இன்றும் பலர்.

எலியில் கண்டதை மனிதனுக்கு அப்படியே ஏற்றிச் சொல்வதற்குமில்லை. எலியின் தோலுக்கடியில் மெல்லிய தசைப்படலம் ஒன்று இருப்பதாலும், தோல் தளர்ச்சியாக இருப்பதாலும், அதன் புண் பெரும்பாலும் சுருங்கியே மூடிக்கொள்கிறது. நமக்கோ புதுச்சதை நிரம்பி, அதன்மேல் தோல் படர்ந்தாக வேண்டும். இதற்காகச் சிலர் எலியின் புண்ணைச் சுற்றிச் சிலிக்கோன் வளையத்தைத் தைத்துச் சுருங்கவிடாமல் நிறுத்தி ஆராய்கிறார்கள். மேலும், ஆய்வுக்கூடத்தில் வடித்த சத்து வேறு, வரப்பில் கசக்கிய தழை வேறு. தழையோடு வரும் மண்ணில் ரணஜன்னியின் வித்துகள் இருக்கக்கூடுமாதலால், பச்சிலை கட்டிக்கொண்டவனுக்கும் அதற்கான தடுப்பூசி அவசியமே.

சித்த வைத்தியர்கள் ஆறாத புண்ணுக்கு இடும் மத்தன் தைலத்தை ஆராய்வது இன்னும் சிக்கலானது. ஊமத்தையிலைச் சாறு, தேங்காயெண்ணெய், மயில்துத்தம் ஆகியவை அதில் சேருகின்றன. மயில்துத்தம் செம்பின் உப்பாகையால் அதற்கே கிருமிகளைக் கொல்லும் குணம் உண்டு. தைலம் பூசிய புண் ஆறினால், ஆற்றியது இலையா, எண்ணெயா, செம்பா, மூன்றும் சேர்ந்த பக்குவமா? இதைத் தீர்மானிக்க, எண்ணெய் மாத்திரம் பூசியவை ஒரு கூட்டில், செம்புப்பு மாத்திரம் இட்டவை ஒரு கூட்டில், சாறு மாத்திரம் பூசியவை ஒரு கூட்டில், முழுத் தைலமும் பூசியவை ஒரு கூட்டில், ஒன்றும் பூசாதவை ஒரு கூட்டில் என்று எலிகளைப் பிரித்து வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும்.