பழைய பைக்கில் ஆயில் பம்ப் போச்சா? புதுசு வாங்கும் முன் இதைப் பாருங்க!

சொந்த ஊரில் அப்பா ஓட்டிய பழைய ஸ்ப்ளெண்டர் பல மாதமாகச் சும்மா நிற்கிறது. பொங்கல் லீவுக்குப் போன நீங்கள் துடைத்து, பெட்ரோல் ஊற்றி, நாலு கிக் அடித்து ஸ்டார்ட் செய்துவிடுகிறீர்கள். நன்றாகத்தான் ஓடுது. ரெண்டு மூணு கிலோமீட்டர் போனதும் ஹெட்டிலிருந்து தகரத்தைத் தட்டுவது போல ஒரு சத்தம். பிக்கப் குறையுது. என்ஜின் பக்கத்தில் காலை வைக்க முடியாத சூடு. ஆயில் எவ்வளவு இருக்கு என்று பார்த்தால், சரியாகவே இருக்கு.

காரில் ஆயில் பிரஷர் குறைந்தால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். 1994-ல் வந்த ஸ்ப்ளெண்டரிலும் சரி, பழைய இரும்பு என்ஜின் புல்லட்டிலும் சரி, அப்படி ஒரு விளக்கு கிடையாது. ஆயில் இருக்கிறதா என்று குச்சியை வைத்துப் பார்க்கலாம். அந்த ஆயில் மேலே ஏறுகிறதா என்பதைக் குச்சி சொல்லாது. ஏற்றும் வேலை ஆயில் பம்புடையது. அது நின்றால் என்ஜின் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தேயத் தொடங்கிவிடும்.

ஆத்தூர் பக்கம் ஏன் இது பெரிய விஷயம்?

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், தாமிரபரணி புன்னக்காயலில் கடலைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது ஆத்தூர். வெற்றிலைக்குப் பேர் போன ஊர். 2023-ல் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்த வட்டாரம் மறந்திருக்காது. பக்கத்தில் இருக்கும் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பதிவானது. ஆறு கரை தாண்டியது. ஆத்தூர், ஏரல், ஸ்ரீவைகுண்டம் என்று ஆற்றோர ஊர்கள் வெள்ளத்தில் மிதந்தன.

வெள்ளத்தில் முழுகிய பைக்கில் பெரிய ஆபத்து தண்ணீர் மட்டும் இல்லை, அதோடு வரும் வண்டல்தான். தண்ணீர் ஆயிலோடு கலந்தால் பால் காபி நிறத்தில் ஒரு குழம்பாக மாறும். அதில் மாவு போன்ற மண்ணும் சேர்ந்தால், பம்பின் உள்ளே உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி ஆகிவிடும். அன்று முழுகி, ஒரே ஒரு தடவை ஆயில் மாற்றியதோடு ஓடத் தொடங்கிய வண்டி என்றால், அடியில் தங்கிய மண் இன்னும் உள்ளேயே இருக்கலாம். இந்தப் பக்கம் செகண்ட் ஹேண்ட் பைக் வாங்குகிறவர்கள் "2023 வெள்ளத்துல நின்ன வண்டியா?" என்று கேட்டுவிடுவது நல்லது.

பம்ப் உள்ளே என்ன நடக்குது?

ஸ்ப்ளெண்டர் போன்ற ஹோண்டா வகை என்ஜின்களில் இருப்பது ரோட்டர் பம்ப். உள்ளங்கையில் அடங்கும் சின்ன சாமான். நாலு பல் உள்ள ஒரு ரோட்டர், ஐந்து குழி உள்ள இன்னொரு ரோட்டருக்குள் மையம் விலகிச் சுற்றும். ஒரு பக்கம் இடைவெளி விரியும்போது ஆயிலை இழுக்கும், மறுபக்கம் சுருங்கும்போது தள்ளும். அவ்வளவுதான். ரப்பர் இல்லை, ஸ்பிரிங் இல்லை. அதனால் சுத்தமான ஆயில் இருக்கும் வரை இது லேசில் கெடாது.

இங்கேதான் பலரும் வழி தவறுகிறார்கள். ஆயில் மேலே வரவில்லை என்றதும் "பம்ப் போச்சு, புதுசு போட்டுடலாம்" என்பது சுலபமான பதில். என் கணக்கில் பம்ப் என்பது சந்தேகப்பட்டியலில் கடைசி ஆள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை: பம்புக்கு வரும் வழியில் உள்ள ஜல்லடை அடைத்திருக்கிறதா? முன்பு யாரோ கவர் மாட்டும்போது தாராளமாக அப்பிய கேஸ்கெட் பேஸ்ட், பிய்ந்து உள்ளே போய்விட்டதா? சிலிண்டர் ஓரமாக ஹெட்டுக்கு ஏறும் குறுகிய ஆயில் பாதையில் கேஸ்கெட் மாறி உட்கார்ந்து மூடியிருக்கிறதா? ஓரிங் நைந்து காற்று இழுக்கிறதா? இதில் எது காரணமானாலும் புது பம்ப் போட்டு ஒரு பயனும் இல்லை. மறுபடி அதே சத்தம் வரும், அதற்குள் கேம் தேய்ந்திருக்கும்.

ரெண்டு நிமிடச் சோதனை

சத்தம் கேட்டதும் வண்டியை நிறுத்திவிடுங்க. "வீடு வரைக்கும் போயிடலாம்" என்ற நினைப்புதான் செலவைப் பல மடங்கு ஆக்குவது. என்ஜின் ஆறியதும் ஆயில் அளவைப் பாருங்க. சரியாக இருந்தால் ஹெட்டில் உள்ள டேப்பட் மூடி ஒன்றைக் கழற்றி, ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டர் கொடுக்காமல் ஐடிலில் விடுங்க. ராக்கர் ஆர்ம் ஆயிலில் நனைந்து, துளிகள் தெறிக்க வேண்டும். ஒரு நிமிடம் ஆகியும் உள்ளே வறண்டே இருந்தால் உடனே ஆஃப் செய்துவிடுங்க. ஆயில் ஏறவில்லை என்று உறுதியாகிவிட்டது.

ஹெட்டை ஏன் பார்க்கிறோம்? பம்பிலிருந்து ரொம்ப தூரத்தில் இருக்கும் இடம் அதுதான். கீழே கிராங்கும் கியரும் சுற்றும்போது தெறிக்கும் ஆயிலில் கொஞ்ச நேரம் சமாளிக்கும். மேலே கேமும் ராக்கரும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருப்பவை, ஆயில் படலம் இல்லையென்றால் முதலில் அவைதான் தேயும். அடுத்தது பிஸ்டன் சீஸ். அங்கே போய்விட்டால் போரிங், பிஸ்டன், ரிங் என்று பில் நீளும்.

பிரித்தால் என்ன பார்க்கணும்?

ஆயிலை இறக்கும்போது ஒரு வெள்ளைத் துணி வழியாக வடிகட்டுங்க. காந்தத்தில் ஒட்டும் தூள் என்றால் இரும்பு, அதாவது கேம், ராக்கர், கியர் பக்கம். ஒட்டாத வெள்ளி நிறத் தூள் என்றால் அலுமினியம், பெரும்பாலும் பிஸ்டன் பக்கம். பசை மாதிரி துண்டு வந்தால் முன்னாள் மெக்கானிக்கின் கைவண்ணம்.

பிறகு வலப்பக்க கிளட்ச் கவரைத் திறக்கணும். அடியில் செருகியிருக்கும் ஜல்லடையை உருவிக் கழுவுங்க. கிராங்க் முனையில் சுற்றும் வட்ட ஃபில்டரையும் திறந்து பாருங்க. சுற்றும் வேகத்தில் அழுக்கை ஓரத்தில் ஒதுக்கும் பாத்திரம் அது. பல வருடம் தொடாத வண்டி என்றால் உள்ளே கறுப்பு மெழுகு மாதிரி படிந்திருக்கும். இதைச் சுத்தம் செய்யாமல் கவரை மூடினால் பாதி வேலைதான் நடந்திருக்கு.

பம்பைக் கழற்றினால் ரோட்டரை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்க. நகத்தில் தட்டுப்படும் கீறல் இருந்தால் அது வண்டலின் வேலை. ரெண்டு ரோட்டர் முனைகளுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் நுழைத்து அளக்கணும். சின்ன ஹோண்டா வகை என்ஜின்களில் பொதுவாக 0.20 மி.மீ. தாண்டினால் மாற்றுவது என்பது கணக்கு. உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்தான் இறுதி. "கண்ணால பாத்தாலே தெரியும்" என்று சொல்லும் மெக்கானிக் அண்ணனிடம் கேஜ் வைத்து ஒருமுறை அளக்கச் சொல்வதில் தப்பில்லை, மரியாதையாகக் கேட்டால் போதும்.

மாட்டும்போது ஒன்றை மறக்கக் கூடாது. பம்புக்குள் சுத்தமான ஆயிலை நிரப்பி, கையால் சுற்றிவிட்டுத்தான் மாட்டணும். வறண்ட பம்ப் காற்றைத்தான் சுற்றும், ஆயிலை இழுக்கத் திணறும். எல்லாம் பூட்டியதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு இருபது முப்பது கிக் அடித்தால், என்ஜின் ஓடுவதற்கு முன்பே ஆயில் வழிகளில் ஏறிவிடும். அதன் பிறகுதான் பிளக், அதன் பிறகுதான் ஸ்டார்ட். டேப்பட் மூடியைத் திறந்து பழைய சோதனையை மறுபடி செய்யுங்க.

புல்லட் வேற கதை

சென்னை திருவொற்றியூரில் 1950-களில் தொடங்கி, யூசிஇ என்ஜின் வரும் வரை அரை நூற்றாண்டுக்கும் மேல் வந்த இரும்பு என்ஜின் புல்லட்டில் ஒன்றல்ல, ரெண்டு பம்ப். ஒன்று ஆயிலை என்ஜினுக்குள் அனுப்பும், இன்னொன்று அடியில் விழுந்ததைத் திருப்பி அறைக்கு எடுத்துவரும். கிராங்க் முனையில் உள்ள வார்ம் என்ற திருகுப்பல்தான் ரெண்டையும் ஓட்டுவது. அந்தப் பல் தேய்ந்தால் பம்ப் நல்லாயிருந்தும் சுற்றாது. அந்த வார்ம் நட்டுக்கு இடதுகை மறை. தெரியாமல் வழக்கமான பக்கம் திருப்பி இறுக்கினால் கிராங்க் முனையே போய்விடும்.

ஹெட்டுக்குப் போகும் வெளிக்குழாயின் போல்ட்டைத் தளர்த்தினால் ஆயில் கசிகிறதா என்று பார்க்கலாம். ஆனால் அங்கே வந்துவிட்டது என்பதால் கிராங்கின் பிக் எண்டுக்கும் போகிறது என்று முடிவு கட்டக் கூடாது, ரெண்டும் வேறு வேறு வழி. பழைய புல்லட்டின் பிக் எண்டில் இருப்பது புஷ். ரோலர் பேரிங் போல அது பொறுமை காட்டாது. ஆயில் நின்றால் சீக்கிரமே தட்டத் தொடங்கிவிடும்.

மாதக்கணக்கில் நின்ற புல்லட்டை எடுத்ததும் புகையாகக் கக்கினால் பயப்பட வேண்டாம். தேய்ந்த பம்ப் வழியாக அறையிலிருந்த ஆயில் மெதுவாகக் கிராங்க் பக்கம் இறங்கியிருக்கும். அதை டிரெயின் நட் வழியாக இறக்கிவிட்டு ஸ்டார்ட் செய்யலாம். இது ஒவ்வொரு வாரமும் நடந்தால் பம்பைக் கவனிக்கணும்.

2-ஸ்ட்ரோக் ரசிகர்களுக்கு ஒரு வரி: எஸ்கார்ட்ஸ் தயாரித்த ராஜ்தூத் 350 போன்ற வண்டிகளில் பம்ப் தனி டேங்கிலிருந்து ஆயிலை எடுத்துப் பெட்ரோலோடு சேர்க்கும். அது நின்றால் பிஸ்டனுக்கு வேறு ஆயிலே கிடையாது. சந்தேகம் வந்தால், சரி செய்யும் வரை பெட்ரோலிலேயே 2டி ஆயிலை அளந்து கலந்து ஊற்றி ஓட்டுவதுதான் பாதுகாப்பு.

மறுபடி வெள்ளம் வந்தால்?

முழுகிய வண்டியைக் கிக் அடிக்கவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, கான்ராட்தான் வளையும். முதலில் பிளக்கைக் கழற்றி தண்ணீரை வெளியேற்றுங்க. ஆயிலை முழுசா இறக்குங்க. புது ஆயில் ஊற்றி சில நிமிடம் ஐடிலில் ஓட விட்டு மறுபடி இறக்குங்க. ஆயில் தெளிவாக வரும் வரை, ரெண்டோ மூணோ தடவை. ஸ்ப்ளெண்டருக்கு ஒரு தடவைக்குச் சுமார் 1 லிட்டர்தான். செலவைக் குறைக்க டீசல் ஊற்றிக் கழுவும் பழக்கம் பட்டறைகளில் இருக்கு. மூலைகளில் தங்கும் டீசல் புது ஆயிலை நீர்க்கச் செய்யும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜல்லடையையும் வட்ட ஃபில்டரையும் கட்டாயம் திறந்து கழுவணும், ஏன்னா வண்டல் ஆயிலோடு வெளியே வராது.

பம்ப் வேலை முடிந்த வண்டியில் முதல் ஆயிலை 300 கிலோமீட்டருக்குள் ஒரு தடவை இறக்கிப் பாருங்க. ரெண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்து வெயிலில் காட்டினால் மினுமினுப்பு தெரியக் கூடாது. தெரிந்தால் வண்டியை அப்படியே மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டே போங்க.