கரைமேல் ஒரு வழி

பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு ரயில் வந்தது 1898இல், பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில். அந்த மீட்டர்கேஜ் பாதை அம்பகரத்தூர், திருநள்ளாறு வழியாக ஏறத்தாழ 23 கிலோமீட்டர் ஓடியது; 1980களின் பிற்பகுதியில் வண்டிகள் நின்றுபோயின. அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தத் தடத்தில் ரயில் இல்லை. அண்மையில்தான் அது அகலப்பாதையாகத் திரும்பவும் போடப்பட்டிருக்கிறது. மூடிய பாதை மறுபடி ரயிலுக்கே கிடைத்தது நல்ல காரியம். ஆனால் இடைப்பட்ட அந்த நீண்ட காலத்தை எண்ணும்போது, பிரான்ஸின் கிராமப்புறத்தில் இதேபோல் கைவிடப்பட்ட ரயில் தடங்களுக்கு என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொள்ளத் தோன்றுகிறது. அங்கே 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சிற்றூர்தோறும் போடப்பட்ட கிளைப் பாதைகள், பேருந்தும் காரும் பெருகியதும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1997இல் பர்கண்டி பகுதியில் ழிவ்ரிக்கும் க்ளுனிக்கும் இடையே இருந்த அப்படியொரு தடத்தை, சுமார் 44 கிலோமீட்டர் நீளத்துக்கு, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்குமாகத் திறந்துவிட்டார்கள். ‘வுவா வெர்த்’, அதாவது ‘பச்சை வழி’ என்று இன்று அந்நாடு முழுதும் வழங்கும் பாதைகளுக்கு அது முன்னோடி.

ரயில் தடம் சைக்கிளுக்கு ஏன் பொருந்துகிறது என்பதற்குக் காரணம் எளியது. ரயில் எஞ்சினால் செங்குத்தான மேட்டில் ஏற முடியாது. ஆகவே அந்தக் காலப் பொறியாளர்கள் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரவியும் மலையைக் குடைந்தும் சாய்வைக் குறைத்தார்கள். நிலக்கரிப் புகைவண்டிக்காகச் செய்த அந்த வேலையின் பலன் இன்று எட்டு வயதுக் குழந்தைக்கும் எழுபது வயதுப் பாட்டிக்கும் கிடைக்கிறது. கால்வாய்க் கரைகளும் இப்படித்தான். படகுகளைக் குதிரை கட்டி இழுத்த காலத்தில் கரையோரமாக ஓர் இழுவைப் பாதை வேண்டியிருந்தது; நீர்மட்டம் சமமாக இருப்பதால் பாதையும் சமமாக இருந்தது. பிரிட்டனி பகுதியில் நாந்த் நகரையும் பிரெஸ்ட் துறைமுகத்தையும் இணைக்கும் கால்வாயின் கரையில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் மோட்டார் வாகனத் தொல்லையின்றிப் போகலாம். பியர் பால் ரிக்கே 17ஆம் நூற்றாண்டில் வெட்டுவித்த மிதி கால்வாய், துலூஸிலிருந்து மத்தியதரைக் கடல் வரை 240 கிலோமீட்டர். அதன் கரையிலும் சைக்கிள்கள் போகின்றன, எல்லா இடத்திலும் தரம் ஒன்றுபோல் இல்லாவிட்டாலும். 2004இல் பிரான்ஸ் தன் சாலை விதிகளிலேயே ‘பச்சை வழி’ என்றொரு வகையைச் சேர்த்தது. மோட்டார் இல்லாத வண்டிகள், நடப்பவர்கள், குதிரையில் செல்பவர்கள் ஆகியோருக்கு மட்டுமே உரிய சாலை என்று அப்போது அது வரையறுக்கப்பட்டது.

இந்த வரிசையில் எனக்கு முக்கியமாகப் படுவது கடைசி வரிதான். புதிதாக நிலம் எடுத்தோ மேம்பாலம் கட்டியோ பிரான்ஸ் இதைத் தொடங்கவில்லை. ஏற்கெனவே பொதுச்சொத்தாகக் கிடந்த ஒரு நீளத் துண்டு நிலத்தில் யார் போகலாம், யார் போகக்கூடாது என்று முடிவு செய்தது. பிறகு மேற்பரப்பைச் சீராக்கியது. பல இடங்களில் நிலத்தின் உரிமையைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. கால்வாயை நிர்வகிக்கும் துறை கரையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். பராமரிப்பு வண்டி ஓட்டும் உரிமையையும் விடாது. உள்ளாட்சி அமைப்பு ஒப்பந்தம் செய்துகொண்டு, பாதையைப் பேணும் பொறுப்பை ஏற்கும். ரயில்வேயும் பல தடங்களை விற்காமல் ஒப்பந்தத்தில்தான் கொடுத்தது. அதில் இன்னொரு நன்மை உண்டு. பாதையாகப் புழங்கும் தடம் துண்டாடப்படாது. வீடோ கடையோ முளைக்காது. என்றாவது ரயில் திரும்ப வேண்டுமென்றால் நிலம் இருக்கும். அங்கே அடிமட்ட உள்ளாட்சிக்குக் ‘கொம்யூன்’ என்று பெயர். காரைக்கால் வாசகருக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. நெடுங்காடும் திருநள்ளாறும் கோட்டுச்சேரியும் இன்றும் கொம்யூன் பஞ்சாயத்துகளே.

காரைக்காலில் இப்போது கைவிடப்பட்ட ரயில் தடம் இல்லை. ஆனால் கரை இருக்கிறது. காவிரியின் கிளைகள் கடலைச் சேரும் நிலம் இது. அரசலாறு, நாட்டாறு, நூலாறு, வாஞ்சியாறு, திருமலைராயன் ஆறு என்று ஆற்றுக்கு ஆறு இரண்டு கரை. ஆறுகளிலிருந்து பிரியும் வாய்க்காலுக்கும் கரை. பிரான்ஸில் ரயில் எஞ்சினுக்காக நிரவ வேண்டியிருந்த நிலம் இங்கே இயற்கையிலேயே தட்டை. காரைக்கால் நகரின் தலத்தெருவிலிருந்து புறப்பட்டால் மாவட்டத்தின் எந்த மூலையும் இருபது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். சைக்கிளுக்கென்றே அளந்து வைத்தாற்போன்ற அளவு. நகரிலிருந்து கடற்கரை வரை அரசலாற்றை ஒட்டிய சாலையில் மாலை நேரத்தில் நடக்க வருகிறவர்களைப் பார்த்தாலே, ஆற்றோரப் பாதைக்கு இங்கே ஆசை இருப்பது விளங்கும். நகர எல்லையோடு நின்றுவிடும் அந்த வசதியை மேற்கே வயல்வெளிக்குள் நீட்டுவதுதான் நான் கேட்பது.

வெள்ளைக்காரர் விடுமுறைக்குச் செய்வதை நாம் ஏன் செய்ய வேண்டும் என்பது முதல் எதிர்ப்பாக வரும். பெயரளவில் அது சுற்றுலாப் பாதை என்பது உண்மை. ஆனால் ஊரை ஒட்டிய பச்சை வழிகளில் அன்றாடம் காணக்கிடைப்பவர்களில் பெரும்பங்கினர் உள்ளூர்க்காரர்களே. நம் பக்கம் தேவை இன்னும் கூடுதல். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் கிராமப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டப் பழகினார்கள். பிறகு அரசு பள்ளி மாணவ மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி கொடுத்தது. வண்டியைக் கொடுத்தோம், ஓட்டவும் கற்றுக்கொடுத்தோம். அச்சமின்றி ஓட்ட ஒரு பாதையைக் கொடுக்கவில்லை. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த ஒரு லட்சத்து 68 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களில் 32 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நடந்து போனவர்கள். ஆவணி பிறந்ததும் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்களில் பலர் காரைக்கால் வழியாகத்தான் போகிறார்கள். நாகூருக்கும் திருநள்ளாற்றுக்கும் நடந்து வருகிறவர்கள் உண்டு. பேருந்தும் லாரியும் உரசிப்போகும் சாலை ஓரத்தில் அவர்கள் வெறுங்காலோடு நடக்கிறார்கள். சுற்றுலாப் பயணி ஒருவர்கூட வராவிட்டாலும் இந்தப் பாதைக்கு ஆள் இருக்கிறது.

இரண்டாவது எதிர்ப்பு கனமானது, விவசாயியிடமிருந்து வருவது. ஆற்றங்கரை இங்கே சும்மா கிடக்கவில்லை. உர மூட்டையை ஏற்றிக்கொண்டு பைக் போகிறது. அறுவடையில் டிராக்டர் போகிறது. தூர்வாரும் பொக்லைன் போகிறது. மதகைத் திறந்து மூட லஸ்கர் போகிறார். இவர்களைத் தடுத்துவிட்டுச் சைக்கிளுக்கு வழி விடுவது அநியாயம், நடக்கவும் நடக்காது. பிரான்ஸிலும் பராமரிப்பு வண்டிக்குத் தடையில்லை. கரையை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களுக்கு அனுமதி தரும் இடங்களும் உண்டு. தடுக்க வேண்டியது குறுக்குவழி தேடிக் கரைமேல் பாய்ந்து வரும் கார்களையும், ஊருக்குத் தொடர்பில்லாத லாரிகளையும். அதற்குக் கரை தொடங்கும் இடத்தில் நட்ட கல்லும், பூட்டித் திறக்கும் கம்பித் தடுப்பும், சாவியை வைத்திருக்கும் உள்ளூர்ப் பொறுப்பாளரும் போதும். முழு நீளமும் தனிப்பாதையாக இருக்கும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். புகழ்பெற்ற லுவார் நதிப் பாதை சுமார் 900 கிலோமீட்டர் நீளம். அதில் கணிசமான பகுதி வண்டி அதிகம் வராத சிற்றூர்ச் சாலைகளில்தான் போகிறது. கரை கிடைக்கும் இடத்தில் கரை, கிடைக்காத இடத்தில் கிராமத் தெரு என்று இணைத்துக்கொள்வதில் குறைவொன்றும் இல்லை.

கரை பலவீனப்படும் என்றொரு அச்சமும் உண்டு. வெள்ளத்தைப் பார்த்த ஊரில் அதை லேசாகத் தள்ள முடியாது. ஆனால் கரையைக் கெடுப்பது சைக்கிள் சக்கரமோ பாதமோ அன்று. பார வண்டியும், எலி வளையும், கவனிக்க ஆளில்லாமல் வளரும் புதரும்தான். தினமும் நூறு பேர் போகிற கரையில் உடைப்பு விழத் தொடங்கினால் அன்றே தெரிந்துவிடும். தனியாகப் போகும் பெண்ணுக்கும் இதே நூறு பேர்தான் பாதுகாப்பு. அதனால்தான் முதல் துண்டை ஆளரவமற்ற இடத்தில் போடாமல், பள்ளியையும் ஊரையும் இணைக்கும் இடத்தில் போட வேண்டும் என்கிறேன். ஆங்காங்கே ஊருக்குள் இறங்கும் வழி வேண்டும். மாலை மங்கிய பிறகு சற்று நேரமாவது விளக்கு வேண்டும். கோடை வெயிலுக்கு மரம்தான் மருந்து, அதிலும் ஒரு எச்சரிக்கை. மிதி கால்வாயின் இருபுறமும் சுமார் 42 ஆயிரம் பிளேன் மரங்கள் வரிசையாக நின்றன. 2006இல் ஒரு பூஞ்சை நோய் தலைகாட்டியது. பிறகு ஆயிரமாயிரமாக வெட்டித் தள்ள வேண்டியதாயிற்று. ஒரே இனத்தை நட்டதன் விலை அது. இங்கே கரையின் வெளிப்பக்கச் சரிவை ஒட்டிப் புங்கன், வேம்பு, நாவல், பனை என்று கலந்து நடலாம்.

மழைக்காலத்தில் களிமண் கரை வழுக்கும், சைக்கிள் போகாது என்பார்கள். உண்மைதான். கிராவல் கொட்டி இறுக்கினாலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சில இடங்கள் தாங்காது; வெள்ளக் கண்காணிப்பு நடக்கும்போது கரையில் கூட்டம் இருக்கவும் கூடாது. பருவத்துக்குப் பருவம் மூடும் பாதை பிரான்ஸிலும் உண்டு. க்ளுனிக்குத் தெற்கே பச்சை வழி புவா கிளேர் என்ற பழைய ரயில் சுரங்கத்தைக் கடக்கிறது. நீளம் ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல். உள்ளே வௌவால்கள் குளிர்காலத்தைக் கழிப்பதால், ஆண்டுதோறும் அந்த மாதங்களில் சுரங்கத்தைப் பூட்டிவிடுகிறார்கள். சைக்கிளில் வருகிறவர்கள் அருகிலுள்ள கணவாய்ச் சாலையில் ஏறி இறங்கிப் போகிறார்கள், வசந்தத்தில் சுரங்கம் திறக்கிறது. அரசலாற்றுக் கரையையும் அடைமழையின் அந்த இரண்டு மாதம் பூட்டி வைக்கலாம். மார்கழியில் நீர்வரத்து தணிந்ததும் பொறியாளர் ஒருமுறை நடந்து பார்த்து, அரித்த இடங்களில் மண் அணைத்தால், பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் பிள்ளைகளுக்குப் பாதை தயாராக இருக்கும்.