ஜபத்துக்கு விரிக்கும் ஆசனம்

சென்ற மார்கழியில் வையம்பட்டியில் எங்கள் தெருவில் விடியற்காலைப் பாராயணம் நடந்துகொண்டிருந்தது. என் பக்கத்தில் எண்பது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். குத்துவிளக்கிலிருந்து நழுவிய திரி அவருடைய ஆசனத்தின் ஓரத்தில் விழுந்தது. கம்பளி என்று நம்பி அவர் வாங்கிய ஆசனம் அது. உண்மையான கம்பளியாயிருந்தால் சற்றே கருகி, மயிர் பொசுங்கும் நாற்றத்தோடு அணைந்திருக்கும். இதுவோ பாகாக உருகி அவருடைய வேட்டியில் ஒட்டிக்கொண்டது. பெருமாள் கிருபையால் சிறு கொப்புளத்தோடு போயிற்று. பிளாஸ்டிக் இழைகளை அழுத்திச் செய்த விரிப்பை யாரோ ஒரு கடைக்காரர் கம்பளி என்று சொல்லி விற்றிருக்கிறார்.

நாம் எதன்மீது அமர வேண்டும் என்பதைக் கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் பகவானே சொல்லியிருக்கிறார். தர்ப்பை, தோல், துணி என மூன்று அடுக்கு. அதிக உயரமும் கூடாது, அதிகத் தாழ்வும் கூடாது. சுலோகத்தில் துணி முதலில் வந்தாலும், விரிக்கும் வரிசை அதற்கு நேர்மாறானது என்பது ஆதிசங்கரரின் உரை. அடியில் புல், நடுவில் தோல், மேலே துணி. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு மான்தோலை நாம் நினைக்கவும் கூடாது. பல இல்லங்களில் அந்த நடு இடத்தைக் கம்பளியே பிடித்துக்கொண்டுள்ளது.

புல் என்றதும் ஸ்ரீராமபிரான் தர்ப்பையில் சயனித்த திருப்புல்லாணி நினைவுக்கு வரும். தினசரிப் புழக்கத்துக்கு நமக்கு வாய்த்தது கோரைப்பாய். எங்கள் ஊரிலிருந்து மணப்பாறை, குளித்தலை வழியாகக் காவிரிப் பாலத்தைக் கடந்தால் முசிறி. கோரைப்பாய்க்குப் பெயர்போன ஊர். பாவு மட்டும் நூல். ஊடையாகச் செல்வது கோரைத் தண்டு. தண்டின் உள்ளே பஞ்சுபோன்ற சோற்றில் காற்று தங்கியிருப்பதால் தரையின் குளிர்ச்சி எளிதில் மேலே ஏறுவதில்லை. மூட்டுவலிக்காரர்களுக்கு இதன் அருமை தெரியும். தாமிரபரணிப் பக்கத்துப் பத்தமடைப் பாய் இன்னும் மெல்லியது, பட்டுபோல மடியும். சுவாமி சிவானந்தர் 1887-இல் அவதரித்ததும் அந்தப் பத்தமடையில்தான். ஆனால் சாதாரணக் கோரைப்பாயை மடிக்கக் கூடாது, சுருட்டியே வைக்க வேண்டும். ஈரம் பட்டால் உடனே வெயிலில் காட்டாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும்.

நெய்த துணிக்குப் பாவும் நூல், ஊடையும் நூல். இதில் நம் ஊருக்குப் பழம்பெருமை உண்டு. ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடற்பயண நூல் ‘அர்கரு’ என்ற ஊரின் மெல்லிய துணியைக் குறிப்பிடுகிறது. அது கமலவல்லி நாச்சியார் எழுந்தருளியிருக்கும் உறையூரே என்பது ஆய்வாளர் கருத்து. திருவரங்கத்தில் கைசிக ஏகாதசியன்று நம்பெருமாளுக்கு 365 வஸ்திரங்கள் சாற்றுவதைச் சேவித்தவர்களுக்கு நெசவின் மேன்மையை நான் சொல்ல வேண்டியதில்லை. துணி மேலடுக்காக இருப்பதன் காரணம் எளிது. அதைத் தினமும் நனைத்து உலர்த்தலாம்; மடி காக்கலாம்.

நடு அடுக்கில்தான் குழப்பம். ஆட்டு மயிரை நூலாக நூற்றுத் தறியில் நெய்தால் கம்பளி. நூற்காமல், நெய்யாமல், மயிரையே பரப்பி, சோப்பு நீர் தெளித்து, அழுத்தி உருட்டினால் ஃபெல்ட். காஷ்மீரத்தில் ‘நம்தா’ என்பார்கள். அங்கே மயிரைப் பரப்பி உருட்டுவதும் ஒரு புற்பாயில்தான் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஆட்டு மயிரின்மேல் மீன்செதில் போன்ற நுண்ணிய செதில்கள் உள்ளன. ஈரமும் வெப்பமும் அழுத்தமும் சேரும்போது அவை ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும், பிறகு பிரியா. கம்பளியை வெந்நீரில் துவைத்தால் சுருங்கிப்போவதும் இதனால்தான். வங்கியில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நான் முத்திரை ஒற்றிய மைத்தட்டிலும் ஒரு ஃபெல்ட் துண்டு இருந்தது. அப்போது அதை நான் ஒரு பொருளாகவே மதித்ததில்லை.

வாங்கும்போது ஓரத்தில் ஓர் இழையை இழுத்துப் பாருங்கள். நூலாக நீண்டு வந்தால் நெய்தது. பஞ்சாகப் பிய்ந்தால் ஃபெல்ட். இரண்டுமே நல்லவைதாம். ஆனால் அது ஆட்டு மயிரா, பிளாஸ்டிக்கா என்பதை இழுத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சிறு பிசிறைக் கத்தரித்து, வீட்டு முற்றத்தில், தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பார்க்க வேண்டும். மயிர் நாற்றத்தோடு கருகி, விரலால் நசுக்கினால் பொடியாவது கம்பளி. உருகிச் சொட்டி, ஆறியபின் கெட்டியான மணியாவது பிளாஸ்டிக். இந்தச் சோதனையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுவது நல்லது.

அந்தப் பெரியவர் இப்போது முசிறிப் பாயை விரித்து, அதன்மேல் நெய்த கம்பளியும், அதற்கும் மேலே துவைத்த துண்டும் போட்டு அமர்கிறார். விளக்கை இரண்டு முழம் தள்ளி வைக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டிருக்கிறேன்.