இடம் இருக்கிறது; ஆனால் இடம் இல்லை!

கம்ப்யூட்டரில் பாதிக்கு மேல் காலி. ஆனாலும் புதிதாக ஒரு படத்தைப் போடப் போனால், "முடியாது" என்கிறது. இது என்ன வேடிக்கை? கம்ப்யூட்டர் பொய் சொல்கிறதா?

இல்லை. அது சொல்வது உண்மையே!

பெயர்ப் பதிவேடு

பைல்களைப் போட்டு வைக்கும் இடத்துக்குப் "போல்டர்" என்று பெயர். பார்ப்பதற்குப் பை போலத் தோன்றும். உண்மையில் அது ஒரு பதிவேடு. எந்தப் பைல் எங்கே இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும்.

ஒரு சத்திரத்தில் அறைகள் காலியாக இருக்கின்றன. ஆனால் வருகிறவர்களின் பெயரை எழுதும் புத்தகத்தில் வரிகள் தீர்ந்துவிட்டன. பெயர் எழுதாமல் கணக்குப்பிள்ளை யாரையும் உள்ளே விடுவாரா? அதே கதைதான் இங்கேயும்!

512 வரிகள்

"பேட் 16" என்பது பழைய முறை. அதில் ஹார்டு டிஸ்கின் முதல் பதிவேட்டில் வழக்கமாக 512 வரிகளே உண்டு. 1995-ல் வந்த விண்டோஸ் 95, பைல்களுக்கு நீண்ட பெயர் வைக்க வழி செய்தது. ஆனால் 13 எழுத்துக்கு ஒரு வரி கூடுதலாகச் செலவாகும். ஆங்கிலத்தில் 26 எழுத்துள்ள பெயர் வைத்தால் மொத்தம் 3 வரிகள் போய்விடும். அப்படியானால் 170 பைல்களிலேயே பதிவேடு நிரம்பிவிடும்!

பின்னால் வந்த "பேட் 32" முறையில் ஒரு போல்டருக்கு 65,536 வரிகள். இன்றும் பல பென்டிரைவ்களில் இருப்பது இந்த முறைதான்.

லினக்ஸில் 2001-ல் சேர்ந்த "எக்ஸ்ட் 3" முறைக்கும் ஓர் எல்லை உண்டு. அதில் ஒவ்வொரு உள் போல்டரும் தன் தாய்ப் போல்டருடன் ஓர் இணைப்பு வைத்துக்கொள்ளும். 32,000 இணைப்புகளுக்கு மேல் கூடாது. இரண்டு தாய்ப் போல்டருக்கே வேண்டும். மீதி 31,998. ஆளுக்கு ஒரு போல்டர் திறக்கும் அலுவலகத்தில், 31,999-வது ஆளுக்குக் கதவு அடைப்பு! 2008-ல் நிலைபெற்ற "எக்ஸ்ட் 4" இந்தத் தடையைத் தளர்த்தியது.

தபால்காரர் காட்டும் வழி

தபால் நிலையத்தில் எல்லாக் கடிதங்களையும் ஒரே பெட்டியிலா போடுகிறார்கள்? ஊர் ஊராகப் பிரிக்கிறார்கள். கம்ப்யூட்டர் நிபுணர்களும் அப்படியே செய்கிறார்கள்.

லினஸ் டார்வால்ட்ஸ் 2005-ல் உருவாக்கிய "கிட்" என்ற மென்பொருள், தன் பைல்களைப் பெயரின் முதல் இரண்டு குறிகளைப் பார்த்துப் பிரிக்கிறது. ஒவ்வொன்றும் 16 குறிகளில் ஒன்று. ஆகவே 16 பெருக்கல் 16, மொத்தம் 256 போல்டர்கள். எதுவும் சீக்கிரம் நிரம்பாது. தேடுவதும் சுலபம்.

அழிக்காதீர்கள்!

"முடியாது" என்று கம்ப்யூட்டர் சொன்னவுடன் பலர் செய்வது என்ன? தாத்தாவின் படத்தையும் குழந்தையின் முதல் பிறந்த நாள் படத்தையும் அழித்து இடம் தேடுகிறார்கள். அழித்த படம் திரும்பக் கிடைப்பது அரிது.

முதலில் காலி இடம் எவ்வளவு என்று பாருங்கள். நிறைய இருந்தால், படங்களை வருஷ வாரியாகப் பிரித்துத் தனித்தனிப் போல்டர்களில் வையுங்கள். பெயர்களைச் சுருக்கமாக வையுங்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமைதானே? வீட்டில் இருக்கும் பென்டிரைவை எடுத்து, பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பிரிக்கத் தொடங்கலாம்!