மருந்து வேலை செய்யும்போது காய்ச்சல் ஏன்?

எச்.ஐ.வி. மாத்திரை தொடங்கி இரண்டு வாரம். ரத்தத்தில் வைரஸ் மளமளவெனக் குறைகிறது. காசநோயும் உள்ள அந்த நோயாளிக்கோ காய்ச்சல் அடிக்கிறது, கழுத்தில் நெறிகட்டி வீங்குகிறது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?

அப்படியல்ல. எதிர்ப்பாற்றலுக்கு அடிப்படையான சிடி4 அணுக்கள் மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 100-க்கும் கீழே சரிந்திருந்தபோது காசநோய்க் கிருமியை எதிர்க்க ஆளில்லை. வைரஸ் அடங்கியதும் எதிர்ப்பாற்றல் மீள்கிறது; உயிரோடும் செத்தும் கிடக்கும் கிருமிகள்மீது ஒரேயடியாகப் பாய்கிறது. அழற்சி கிளம்புவது அதனால்தான். மருத்துவர்கள் இதை ‘ஐரிஸ்’ என்கிறார்கள்.

பெரும்பாலும் எச்.ஐ.வி. மருந்தை நிறுத்த வேண்டியதில்லை.

கேப் டவுனில் காசநோயும் சேர்ந்திருந்த 240 பேரிடம் நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. முதல் நான்கு வாரம் அழற்சியைத் தணிக்கும் பிரெட்னிசோன் பெற்றவர்களில் 33 சதவீதத்தினருக்கு ஐரிஸ் வந்தது. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 47 சதவீதத்தினருக்கு. கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையால் வரும் மூளைக்காய்ச்சலில் கணக்கே வேறு: அங்கே எச்.ஐ.வி. சிகிச்சையைச் சுமார் ஐந்து வாரம் தள்ளிவைத்தால் அதிகம் பேர் பிழைக்கிறார்கள் என்று உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடந்த ஆய்வு 2014-இல் காட்டியது.