மூணு வட்டி என்றால் எத்தனை சதவீதம்?

எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'வாழ்வியல் கணிதம்' என்று ஒரு பாடம் இருக்கிறது. கூட்டு வட்டி அங்கேதான் வருகிறது. அதனால் 'நம்ம ஸ்கூல்ல பணத்தைப் பத்தி ஒண்ணுமே சொல்லித் தர்றதில்ல' என்பது முழுக்க உண்மையில்லை. சூத்திரம் இருக்கிறது. ஆனால் அசல், ஆண்டு வட்டி வீதம், காலம் எல்லாவற்றையும் கேள்வியிலேயே கொடுத்துவிடுகிறார்கள். வெளியே கடன் கொடுக்கிறவர் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பிரச்சினை அங்கேதான்.

தெருவில் வட்டிக்கு வேறு பாஷை. 'மூணு வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய். ஆண்டுக்கு 36 சதவீதம். காதில் விழுவதோ வெறும் மூணு! பேங்க்கில் 12 என்கிறார்கள், இங்கே மூணுதானே என்று ஒரு பிள்ளை நினைத்தால் அதைக் குறை சொல்ல முடியாது.

அடுத்தது தண்டல். 10,000 ரூபாய் கடன். 1,500 பிடித்துக்கொண்டு கையில் 8,500 தருவார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பார்க்க 15 சதவீதம் போலத் தெரியும். ஆனால் கையில் வந்தது 8,500தான், அதுவும் தினம் குறைந்துகொண்டே போகிறது. எக்செல்லில் 'ரேட்' ஃபங்ஷனில் போட்டுப் பார்த்தேன்: ஒரு நாளைக்கு சுமார் 0.33 சதவீதம். ஆண்டுக்கணக்கில் 120 சதவீதத்தைத் தாண்டுகிறது.

படித்தவர்கள் சிக்குவது 'ஃபிளாட் ரேட்'டில். 1 லட்சம் கடன், 12 சதவீதம், ஒரு வருடம். வட்டி 12,000. மாதத் தவணை 9,333 ரூபாய். சரியாகத்தானே இருக்கிறது? இல்லை. மாதாமாதம் அசலும் சேர்ந்தே கழிகிறது. வருடம் முழுக்க நம்மிடம் சராசரியாக இருந்தது ஏறக்குறைய 56 ஆயிரம்தான். வட்டியோ முழு லட்சத்துக்கும் கட்டுகிறோம். உண்மையான வீதம் சுமார் 21.5 சதவீதம்.

'ஜீரோ பர்சென்ட் இஎம்ஐ'யும் இதே வகை. அப்படியொரு வட்டியே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-இலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. செலவு வேறு பெயரில், பிராசசிங் கட்டணமாகவோ கைவிட்டுப்போன தள்ளுபடியாகவோ வந்து நிற்கும்.

கணக்குத் தெரிந்தால் கடன் வாங்க மாட்டார்களா என்று கேட்கலாம். வாங்குவார்கள். விடியற்காலையில் காய்கறி எடுத்துச் சாயங்காலத்துக்குள் விற்றுவிடும் அம்மாவுக்கு, ஈடு கேட்காமல் வீட்டு வாசலில் கிடைக்கிற பணம் தண்டல்தான். அவருடைய ஒரு நாள் லாபம் அந்த 0.33 சதவீதத்தைவிடப் பல மடங்கு இருக்கலாம். அதே தண்டலில் ஒரு பையன் செல்போன் வாங்கினால் கதை வேறு. கல்வி வறுமையைத் தீர்த்துவிடாது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும்.

இதற்குத் தனிப் பாடம், தனிப் பரீட்சை எல்லாம் வேண்டியதில்லை. கூட்டு வட்டிப் பாடத்தோடு நாலு கணக்கு சேர்த்தால் போதும்: ஒரு தண்டல், ஒரு ஃபிளாட் ரேட், ஒரு நகைக்கடன் ரசீது, ஒரு செல்போன் இஎம்ஐ விளம்பரம். எல்லாவற்றுக்கும் ஒரே கேள்வி: கையில் வந்தது எவ்வளவு, மொத்தம் கட்டுவது எவ்வளவு, ஆண்டுக்கு எத்தனை சதவீதம்?

பதினெட்டு வயது முடிந்ததும் கடன் பத்திரத்தில் கையெழுத்து செல்லும். கடன் ஆப்கள் அந்த வயதுக்காகத்தான் காத்திருக்கின்றன. பிளஸ் டூ முடிப்பதற்குள் இந்த நாலு கணக்கையும் ஒரு தடவையாவது போட்டுப் பார்த்திருக்க வேண்டும். உங்கள் வீட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால், மேலே உள்ள தண்டல் கணக்கை இன்றைக்கே கொடுத்துப் பாருங்களேன்.