வீட்டிலே ஒரு கருவிப் பெட்டி

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஐப்பசி மழை தொடங்கிய நாட்களில், எங்கள் வீட்டு அடுக்களைக் கதவு நிலையோடு இறுகித் திறக்க மறுத்தது. ஓடாவியாரை அழைத்து வருவதற்கு எனக்குப் பொறுமையில்லை. இரவலாக வாங்கிய சீவுளி ஒன்று கையில் இருந்தது. கதவைப் பிணைச்சலிலிருந்து கழற்றி, இறுகிய விளிம்பைத் தாராளமாகச் சீவி, மீண்டும் மாட்டினேன். கதவு ஓசையின்றி மூடியது. அன்று மாலை முழுவதும் அதைத் திறந்தும் மூடியும் பார்த்து மகிழ்ந்தேன். பின்னர் பங்குனி வெயில் வந்தது. கதவுக்கும் நிலைக்கும் இடையே சுண்டுவிரல் நுழையத்தக்க இடைவெளி தோன்றியது. திறாங்கு நிலையை எட்டவில்லை. அதைப் பார்க்க வந்த முதிய ஓடாவியார் சிரித்தார். "மாரியிலே கதவைச் சீவுகிறவன் கோடையிலே புதுக்கதவு வாங்குவான், தம்பி" என்றார்.

அவர் சொன்னதில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. மரம் வெட்டப்பட்ட பின்னரும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதையும் விடுவதையும் நிறுத்துவதில்லை. ஈரம் ஏறும்போது அது இழைக்குக் குறுக்காகப் பருக்கிறது. நீளத்திலோ பெரிதும் மாறுவதில்லை. ஆதலால் மாரியில் இறுகும் கதவு கோடையில் தானே இளகும். அதுவரை இறுகும் விளிம்பில் மெழுகுதிரியைத் தேய்த்துவிட்டால் போதும். இறுகும் இடத்தைப் பென்சிலால் குறித்து வைத்து, வெயில் காலத்தில் அளவாகச் சீவலாம். கதவின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் வர்ணம் பூசுவதும் அவசியம். இழையின் முனை தெரியும் இடங்களே நீரை மிகுதியாகக் குடிக்கின்றன. நாம் பூச மறப்பவையும் அவ்விடங்களே.

கருவி வாங்குவது எளிது. அதை எப்போது கையில் எடுப்பது, எப்போது கீழே வைப்பது என்று அறிவதே அரிது. இவ்விரண்டையும் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில், ஒரு வீட்டுக்கு எத்தனை கருவிகள் வேண்டும்? கடைக்குப் போனால் ஐம்பது உறுப்புகள் கொண்ட பெட்டி பளபளப்பாகக் கண்ணிற்படும். அதன் விலைக்குப் பத்து நல்ல கருவிகளை ஒவ்வொன்றாக வாங்குவதே சிக்கனம். அளவு நாடா, மூலைமட்டம், சிறு நீர்மட்டம் ஆகிய மூன்றும் அளப்பதற்கு. கைவாள், முக்கால் அங்குல உளி, அரம் ஆகிய மூன்றும் வெட்டித் திருத்துவதற்கு. பின்புறம் ஆணி பிடுங்கும் கொம்புடைய சுத்தியல், குறடு, தட்டை வாயும் நட்சத்திர வாயும் கொண்ட இரண்டு திருப்புளிகள் ஆகியவை பொருத்துவதற்கும் கழற்றுவதற்கும். இவற்றோடு ஒரு சாணைக்கல்லும், அரத்தாள் சிலவும், கண்ணைக் காக்கும் கண்ணாடியும் இருந்தால், ஒரு குடும்பத்தின் அன்றாடத் தேவைகளுள் பெரும்பாலானவை நிறைவேறிவிடும்.

இவற்றுள் முதன்மையானது அளவு நாடா. இரும்பு நாடாவின் நுனியிலுள்ள கொக்கியைச் சற்று அசைத்துப் பாருங்கள், அது ஆடும். பழுதென்று எண்ணிச் சிலர் அதை அடித்து இறுக்கிவிடுகின்றனர். அந்த ஆட்டம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. பலகையின் ஓரத்தில் கொக்கியை மாட்டி இழுக்கும்போது அது வெளியே நகர்கிறது. சுவரில் முட்டவைத்து அளக்கும்போது உள்ளே நகர்கிறது. நகரும் தூரம் கொக்கியின் தடிப்பளவே ஆகும். ஆகவே வெளி அளவும் உள் அளவும் ஒருசேரச் சரியாகின்றன. அங்குலமும் சென்ரிமீற்றரும் ஒருங்கே பொறித்த நாடாவையே வாங்குக. ஆயினும் ஒரு வேலையை ஓர் அளவிலேயே தொடங்கி முடிக்க வேண்டும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர். அதை 25 என்று மனக்கணக்குப் போட்டால், நாற்பது அங்குல நீளத்தில் 16 மில்லிமீற்றர் பிழைத்துவிடும்.

பெரிய மூலைமட்டம் இல்லாத வீட்டிலும் செங்கோணம் அமைக்கலாம். மூலையிலிருந்து ஒரு பக்கத்தில் மூன்று அடியும் மற்றப் பக்கத்தில் நான்கு அடியும் அளந்து குறியிடுங்கள். அவ்விரு குறிகளுக்கும் இடையிலுள்ள தூரம் சரியாக ஐந்து அடியாயின் மூலை செங்கோணமாகும். கோழிக்கூட்டுக்கும் இதே கணக்கு. புதுவீட்டு அத்திவாரத்துக்கும் இதே கணக்கு. அவ்வாறே, தூரத்திலுள்ள இரண்டு கம்பங்களை ஒரே மட்டத்தில் நிறுத்த வேண்டுமாயின், நிறமற்ற நீண்ட இறப்பர்க் குழாயில் நீர் நிரப்பி இரு முனைகளையும் கம்பங்களோடு பிடியுங்கள். குழாயினுள் காற்றுக் குமிழ் இல்லாதிருக்குமாயின், இரு முனைகளிலும் நீர் நிற்கும் உயரம் ஒன்றே. மேசன்மார் நாள்தோறும் கையாளும் முறை இது.

அடுத்தது வெட்டும் கருவிகள். வாள் தன் தடிப்பளவு மரத்தைத் தூளாக்கிவிடுகிறது. ஆதலால் கோட்டின் மேல் அறுத்தால் துண்டு குறைந்துவிடும். கோட்டுக்கு அப்பால், கழிக்கும் பக்கத்திலேயே வாள் செல்ல வேண்டும். உளியைப் பொறுத்தவரை ஒரு விதி உண்டு. இரு கைகளும் எப்போதும் வெட்டுவாய்க்குப் பின்னாலேயே இருத்தல் வேண்டும். கூரிய உளி ஆபத்தானது என்று பலர் அஞ்சுகின்றனர். உண்மையில் மொட்டை உளியே அதனிலும் ஆபத்தானது. அது மரத்தில் இறங்காமையால் நாம் மேலும் மேலும் பலத்தைச் செலுத்துகிறோம். ஒரு கணத்தில் அது வழுக்கிக் கையில் இறங்குகிறது. உளியின் சரிவை ஏறத்தாழ 25 பாகைக்குத் தீட்டி, நுனியை மட்டும் 30 பாகைக்குக் கல்லில் மெல்லத் தேய்த்தால் கூரும் நிற்கும், வாயும் எளிதில் உடையாது. யாழ்ப்பாணத்தில் பனைமரத்தை வெட்டிப் பார்த்தவர்களுக்குச் சாணைக்கல்லின் அருமை சொல்லாமலே தெரியும். அதன் வெளிப்பகுதியிலுள்ள கரிய நார்கள் எந்த வாயையும் விரைவில் மழுக்கிவிடுகின்றன.

ஆணி அடிப்பதிலும் நுட்பம் உண்டு. மெல்லிய பலகையின் தடிப்பைப் போல மும்மடங்கு நீளமுள்ள ஆணியைத் தெரிக. அப்போது அதன் மூன்றில் இரண்டு பங்கு அடியிலுள்ள மரத்தைப் பற்றும். பலகையின் ஓரத்தில் அடிக்கும்போது மரம் பிளப்பதாயின், ஆணியின் கூரைச் சுத்தியலால் சிறிது மழுக்குக. கூரான ஆணி இழைகளை ஆப்புப் போல விலக்குகிறது. மழுங்கிய ஆணி அவற்றை நொருக்கிக்கொண்டு இறங்குகிறது. ஒரே இழையில் இரண்டு ஆணிகளை இறக்காது சற்று விலக்கி அடிப்பதும் பிளவைத் தடுக்கும். திருகாணிக்கு முதலில் சிறு துளை இட வேண்டும். திருகாணியில் மெழுகு தடவினால் வைர மரத்திலும் அது வருந்தாமல் ஏறும்.

சுவரில் படம் மாட்டுவது வேறு கலை. சீமெந்துச் சுவரில் திருகாணி தானாகப் பற்றாது. துளையிட்டு, அதனுள் ஒரு செருகியை வைத்து, அதனுள்ளேயே திருகாணியை முடுக்குகிறோம். முடுக்கும்போது செருகி விரிந்து சுவரை இறுகப் பிடிக்கிறது. 1911ஆம் ஆண்டளவில் ஆங்கிலேயரான ஜோன் ஜோசப் றோலிங்ஸ் இம்முறையை வகுத்தார். அதனாலேயே நம் கடைகளில் இன்றும் அதனை றோல் பிளக் என்று கேட்டு வாங்குகிறோம். உள்ளே வெறுமையான சீமெந்துக் கல்லில் சாதாரணச் செருகி நிலைக்காது என்பதையும், மின்விசைக்கும் மின்கொளுவிக்கும் நேர் மேலேயோ கீழேயோ துளையிடலாகாது என்பதையும் நினைவிற் கொள்க. மின்கம்பிகள் பெரும்பாலும் அவ்வழியே செல்கின்றன.

துளையிடும் வேலையை மின்பொறி எளிதாக்கிவிட்டது. 1895ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், கையில் ஏந்தத்தக்க மின் துளைகருவியைப் பைன் நிறுவனத்தார் ஆக்கினர். கைத்துப்பாக்கி போன்ற பிடியும் விரலால் அழுத்தும் விசையும் உடைய துளைகருவிக்கு 1917ஆம் ஆண்டில் பிளாக் அன்ட் டெக்கர் நிறுவனத்தார் காப்புரிமை பெற்றனர். இன்று நாம் கையாளும் கருவியின் உருவம் அதன் வழிவந்ததே. ஆண்டுக்கு நான்கு துளை இடும் வீட்டுக்கு இது சொந்தமாக வேண்டுமா என்று எண்ணிப் பார்க்கலாம். ஓர் ஒழுங்கையிலுள்ள நான்கு வீட்டார் சேர்ந்து ஒன்று வாங்குவதில் இழுக்கில்லை. ஆனால், இரவல் வாங்கியதை வாங்கியபடியே திருப்பிக் கொடுக்கும் பழக்கம் அதற்கு முன்னர் வேண்டும்.

கருவிகளைப் பேணுவது பற்றியும் ஒரு வார்த்தை. கடல் சூழ்ந்த நம் நாட்டில் உப்புக்காற்று இரும்பை ஓயாது தின்கிறது. வேலை முடிந்ததும் கருவியைத் துடைத்து, தையல் இயந்திரத்துக்கு இடும் எண்ணெயில் சில துளிகளைத் துணியில் எடுத்துப் பூசி வையுங்கள். ஈரச் சாக்கிலோ சீமெந்துத் தரையிலோ வைக்க வேண்டாம். ஆயுத பூசை நாளில் கருவிகளைக் கழுவித் துடைத்துப் பொட்டிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அந்நாளில் மட்டும் காட்டும் மதிப்பை மற்ற நாட்களிலும் காட்டினால், தகப்பன் வாங்கிய உளி பேரனுக்கும் பயன்படும். போரிலும் இடப்பெயர்விலும் வீடுகளை விட்டுச் சென்று மீண்டவர்கள் இதை நன்கு அறிவர். கூரையில்லாத வீட்டுக்குத் திரும்பிய தொழிலாளிக்குச் சுத்தியலும் வாளுமே முதல்.

இனி, கையை எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கு வருவோம். நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற்று. பழுதான மின்குமிழை மாற்றுவதோடு நம் வேலை முடிந்துவிட வேண்டும். புதிய கம்பி இழுப்பதும் மின்கொளுவி பொருத்துவதும் தேசிய தொழிற்றகைமை பெற்றவரின் வேலை. மின்பெட்டியிலுள்ள ட்ரிப் சுவிட்ச் என்னும் காவற்கருவி, வெளிச் செல்லும் மின்னோட்டத்தையும் திரும்பி வரும் மின்னோட்டத்தையும் ஒப்பிடுகிறது. வீடுகளில் பொதுவாகப் பொருத்தப்படும் கருவி, இவ்விரண்டின் வேறுபாடு 30 மில்லியம்பியரை எட்டுமுன் இணைப்பைத் துண்டித்துவிடும். ஒருவர் உடல் வழியே மின் நிலத்துக்குக் கசியும்போது உயிரைக் காப்பது அதுவே. அதிலுள்ள சோதனைப் பொத்தானைக் காலத்துக்குக் காலம் அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழவில்லையென்றால் அன்றே மின்தொழிலாளரை அழைக்க வேண்டும்.

இரண்டாவது, கூரை. நம் நாட்டில் எத்தனையோ வீடுகளின் மேல் அஸ்பெஸ்டஸ் தகடுகள் இருக்கின்றன. கல்நார் என்று தமிழில் சொல்லப்படும் அதன் இழைகள் சீமெந்தில் பிணைந்து கிடக்கும்வரை தீங்கு குறைவு. தகட்டை மின்வாளால் அறுக்கும்போதும் உலர்ந்த நிலையில் துளையிடும்போதும் பாசியைத் தேய்த்துச் சுரண்டும்போதும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் எழுகின்றன. கல்நாரின் எல்லா வகைகளும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவன என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நோயோ உடனே தோன்றுவதில்லை. இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகளின் பின்னர் தோன்றலாம். இன்று அருகில் நின்று ஏணி பிடிக்கும் சிறுவன் நடுவயதில் அதன் பலனை அனுபவிக்க நேரிடும். ஆதலால் இத்தகட்டை அறுக்கவும் உடைக்கவும் வேண்டாம். தூசி விழுந்திருந்தால் விளக்குமாற்றால் கூட்டாது ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். இத்தகடு ஆளின் பாரத்தையும் தாங்காது. அதன்மேல் கால் வைத்தவர் உடைந்து கீழே விழுவது உண்டு. இது பழகியவர்களிடம், உரிய காப்புகளோடு, ஒப்படைக்க வேண்டிய வேலை.

இவற்றையெல்லாம் எங்கே கற்பது என்று நேயர்கள் கேட்கலாம். தொழில்நுட்பக் கல்லூரிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் நாடெங்கும் உள்ளன. அவற்றுக்குச் செல்ல இயலாதவருக்கும் ஒரு பள்ளி உண்டு. வீட்டுக்கு ஓடாவியாரோ மேசனோ வரும் நாளில், தேநீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடாமல் அருகில் நின்று பாருங்கள். அவர் அடிப்பதற்கு முன்னர் எத்தனை முறை அளக்கிறார் என்பதைக் கவனியுங்கள். பிள்ளைகளையும் நிறுத்துங்கள், ஆண்பிள்ளைகளை மட்டுமன்றிப் பெண்பிள்ளைகளையும் நிறுத்துங்கள். திருகாணிக்கு யார் கை முடுக்குகிறது என்பது தெரியாது.

எங்கள் அடுக்களைக் கதவின் விளிம்பில் அந்த ஓடாவியார் ஒரு மெல்லிய சட்டத்தை ஒட்டிக் கொடுத்தார். நிறம் வேறாகையால் அது இன்றும் தனியே தெரிகிறது. வர்ணம் பூசி மறைக்கலாமென்று வீட்டார் சொன்னார்கள். நான் மறைக்கவில்லை. ஒவ்வொரு மாரியிலும் கதவு சற்றே இறுகும்போது அதனைப் பார்க்கிறேன். சீவுளி பெட்டியிலேயே இருக்கிறது.